சிதைந்த எழுத்தை மீட்பது எப்படி?

அத்தியாயம் 6

சிங்காரப்பேட்டையிலிருந்து ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை போகும் சாலையின் இருபுறமும் மெயிலை நம்பி ஓடும் தொழில்கள் ஏராளம். ஓசூர் சிப்காட்டில் இருக்கும் பெரிய தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்கு ஆர்டர் மெயிலில் வருகிறது. மாங்கூழ் ஆலைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரின் விலை விசாரிப்பு மெயிலில் வருகிறது. கிரானைட் ஏற்றுமதியாளரின் அளவுப் பட்டியலும், ஜிஎஸ்டி கணக்காளர் கேட்கும் விவரமும், பிள்ளைக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பும் அதே வழிதான்.

இந்த மெயில்களில் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் சிக்கல் வருவதில்லை. ஆனால் இது எல்லை மாவட்டம். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள். பெயரிலும் முகவரியிலும் மூன்று மொழி எழுத்தும் வரும். கூடவே ரூபாய்க் குறி ₹, கூட்டல்-கழித்தல் குறி ±, பாகைக் குறி °, வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட விட்டக்குறி ஆகியவையும் வரும். மெயிலில் முதலில் சிதைவது இவைதான்.

சிதைந்த எழுத்தைப் பார்த்ததும் "வைரஸ் வந்துவிட்டது" என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் எழுத்து அழிந்திருக்காது. உங்கள் கணினி அதைத் தவறாக வாசித்திருக்கும், அவ்வளவுதான். தவறாக வாசித்ததைச் சரியாக வாசிக்க வைக்கலாம். அழிந்துபோனதை மீட்க முடியாது. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதல் விதி: தொடாதீர்கள்

சிதைந்த மெயில் வந்தால் அதற்குப் பதில் அனுப்பாதீர்கள். வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். காப்பி எடுத்து வேறு கோப்பில் ஒட்டிச் சேமிக்காதீர்கள். வந்த மெயிலை வந்தபடியே வைத்திருங்கள். இந்த விதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது போகப் போகப் புரியும்.

ஏன் சிதைகிறது?

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். அனுப்பியவர் ஓர் அட்டவணைப்படி எழுதி, நீங்கள் வேறோர் அட்டவணைப்படி வாசித்தால் எழுத்து சிதையும். ஓசூர் பேருந்து நிலையத்தில் கன்னடப் பலகையைத் தெலுங்கு என்று எண்ணி எழுத்துக் கூட்டுவது போன்றது இது. பலகையில் பிழை இல்லை, வாசித்த முறையில்தான் பிழை.

மின்னஞ்சல் ஆங்கிலத்துக்காகவே பிறந்தது. 1982இல் வகுத்த மின்னஞ்சல் தரம், 128 குறிகள் கொண்ட ஆஸ்கி அட்டவணையை மட்டுமே ஏற்றது. பிற மொழி எழுத்தையும் இணைப்புக் கோப்புகளையும் அனுப்ப வழிசெய்த மைம் தரம் 1992இல்தான் வந்தது. மெயிலின் தலைப்பகுதியில் "இது இன்ன குறியாக்கத்தில் எழுதப்பட்டது" என்று ஒரு வரி சொல்ல வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 'கன்டென்ட்-டைப்' என்று தொடங்கும் அந்த வரியின் கடைசியில் 'சார்செட்' என்ற சொல்லும் குறியாக்கத்தின் பெயரும் இருக்கும். அந்த வரி இல்லாமல் போனாலோ, அதில் பொய்யான பெயர் இருந்தாலோ உங்கள் மென்பொருள் ஊகித்து வாசிக்கும். அந்த ஊகம் பிசகுவதே பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

தமிழுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990களில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனி அட்டவணை வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டேம், டேப் என்ற இரு குறியாக்கங்களும், தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தன. இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி தனியே புழங்கியது. 1991இல் வெளியான யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் இதே கதைதான். அங்கே நுடி, பரஹா மென்பொருள்களின் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கன்னடக் கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இன்று உலகம் ஏற்றுக்கொண்ட முறை யூனிகோட். அதை மெயிலில் ஏற்றிச் செல்லும் வடிவம் யூடிஎஃப்-8. இந்த ஒரு பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாத் தீர்வும் அதைச் சுற்றியே வரும்.

ஓர் ஊர்ப்பெயர் சிதையும் விதம்

'சிங்காரப்பேட்டை' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் எண்ணினால் எட்டு எழுத்து: சி, ங், கா, ர, ப், பே, ட், டை. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அதனால் இந்தப் பெயரில் 15 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 45 பைட்.

இந்த 45 பைட்டையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 அட்டவணைப்படி வாசித்தால், ஒரு பைட்டுக்கு ஒரு குறி வீதம் எட்டெழுத்துப் பெயர் 45 இடங்களுக்கு நீண்டுவிடும். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' அதில் 15 முறை வரும். அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' இருக்கும் ® குறியோ, மேலே சிறு கோடாக நிற்கும் ¯ குறியோ வரும். மூன்றாவது இடத்தில் நிற்பதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். 'ங' இருக்கும் இடத்தில் ™ நிற்கும். 'க' இருக்கும் இடத்தில் • என்ற பொட்டு. துணைக்கால் ¾ ஆகும். இகரக் கொக்கி தலைகீழ்க் கேள்விக்குறி ¿ ஆகும்.

இந்த வடிவம் கண்ணில் பட்டால் நிம்மதி கொள்ளுங்கள். பெரும்பாலும் எழுத்து முழுதாக உள்ளேயே இருக்கிறது.

சாய்கோட்டு 'ஏ'க்கு அடுத்து வரும் குறியை வைத்து, உள்ளே இருக்கும் மொழி எது என்றும் சொல்லிவிடலாம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இது மிகவும் பயன்படும்:

• அடுத்து வருவது ® அல்லது ¯ என்றால் தமிழ்.
• ² அல்லது ³ என்றால் கன்னடம்.
• ° அல்லது ± என்றால் தெலுங்கு.
• ¤ அல்லது ¥ என்றால் இந்தி.

தெலுங்கு சிதைந்தால் வருவது பாகைக் குறியும் கூட்டல்-கழித்தல் குறியும் என்பதைக் கவனியுங்கள். பட்டறை வரைபடத்தோடு வரும் மெயிலில் அவற்றை அளவு என்று எண்ணிவிடக் கூடாது. முன்னால் சாய்கோட்டு 'ஏ' நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

அறிகுறியைப் பார்த்து நோயை அறிவது

சிதைவு ஆறு வடிவங்களில் வருகிறது.

1. சாய்கோட்டு 'ஏ'யும் ® குறியும் மாறி மாறி வருதல். யூடிஎஃப்-8 எழுத்தை மேற்கத்திய அட்டவணையில் வாசித்த விளைவு. குறியாக்கத்தை மாற்றினால் சரியாகும்.

2. வெறும் பெட்டிகள். எழுத்து சரியாகவே வந்திருக்கிறது. அதைக் காட்டும் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் உண்டு. பழைய விண்டோஸில் தமிழுக்கு லதா, கன்னடத்துக்கு துங்கா. பட்டறையில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினி இருந்தால், கன்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்ட் லாங்குவேஜ்' பகுதிக்குள் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவை நிறுவ வேண்டும்.

3. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. முதல் வடிவத்துக்கு நேர்மாறு. பழைய அட்டவணையில் எழுதியதை யூடிஎஃப்-8 என்று எண்ணி வாசித்த விளைவு. வந்த மெயிலைத் தொடாமல் வைத்திருந்தால் மீட்கலாம். ஃபார்வர்டு செய்துவிட்டால் அந்த வைரக்குறியே நிலையான எழுத்தாகி, உள்ளிருந்தது போய்விடும்.

4. வரிசையாகச் சாதாரணக் கேள்விக்குறிகள். இது கெட்ட செய்தி. அனுப்பிய இடத்திலோ வழியிலோ தமிழ் எழுத்தே இல்லாத அட்டவணைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் உண்மையிலேயே கேள்விக்குறியாக மாறிவிட்டது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நேரத்தை வீணாக்காமல் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

5. பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் எழுதியதும் இப்படி வேறு குழறலாக வரும். எழுத்துரு மாற்றி வேண்டும்.

6. சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் மாறி மாறி வருதல். தமிழானால் ஒவ்வொரு குறியும் 'சமக்குறி, ஈ, பூஜ்யம்' என்று தொடங்கும். மெயிலைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லப் போட்ட உறை பிரிக்கப்படவில்லை என்று பொருள். பெரும்பாலும் பொருள் வரியில், அதாவது சப்ஜெக்ட்டில், சமக்குறியும் கேள்விக்குறியும் யூடிஎஃப்-8 என்ற பெயரும் ஒட்டிக்கொண்டு வருவது இதன் இன்னொரு முகம். மெயிலை வேறொரு மென்பொருளில் திறந்தால் அநேகமாகச் சரியாகத் தெரியும்.

வந்த மெயிலைச் சரிசெய்தல்

தண்டர்பேர்டில்: மெயிலைத் திறந்து 'வியூ' பட்டியலில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' என்பதை அழுத்துங்கள். பழைய பதிப்பானால் அங்கே 'டெக்ஸ்ட் என்கோடிங்' என்று இருக்கும். அதில் 'யூனிகோட்' தேர்ந்தெடுங்கள். முதல் வடிவச் சிதைவு கண்ணெதிரே தமிழாக மாறும்.

கணினியில் நிறுவிய அவுட்லுக்கில்: மெயிலைத் தனிச் சாளரத்தில் திறக்க இரட்டைக் கிளிக் செய்யுங்கள். 'மெசேஜ்' தாவலில் 'ஆக்ஷன்ஸ்', அதற்குள் 'அதர் ஆக்ஷன்ஸ்', அதற்குள் 'என்கோடிங்'. பட்டியலில் 'யூனிகோட் (யூடிஎஃப்-8)' தேர்ந்தெடுங்கள். மூன்றாம் வடிவமான வைரக்குறி தெரிந்தால் 'வெஸ்டர்ன் யூரோப்பியன் (விண்டோஸ்)' என்பதை முயலுங்கள். ஐரோப்பியப் பெயர்களும் ±, ° போன்ற குறிகளும் அதில் திரும்பி வரும்.

ஜிமெயிலில்: உலாவியில் ஜிமெயிலைப் பார்க்கும்போது குறியாக்கத்தை மாற்ற வழி இல்லை. மெயிலின் வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி 'டவுன்லோடு மெசேஜ்' கொடுத்தால் மூல மெயில் கோப்பாக இறங்கும். அதைத் தண்டர்பேர்டில் திறந்து மேலே சொன்னபடி செய்யுங்கள். அதே பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால், 'சார்செட்' வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். அனுப்பியவரின் கணினியில் எங்கே பிழை என்று சொல்ல அந்த வரி நல்ல சாட்சி.

மூல மெயில் கையில் இல்லை, வேறொருவர் சிதைந்த எழுத்தை மட்டும் காப்பி எடுத்து அனுப்பியிருக்கிறார் என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் உதவும். புதிய கோப்பு திறந்து 'என்கோடிங்' பட்டியலில் 'ஆன்சி' வையுங்கள். சிதைந்த எழுத்தை ஒட்டுங்கள். பிறகு அதே பட்டியலில் 'யூடிஎஃப்-8' என்பதை அழுத்துங்கள். 'கன்வர்ட்' என்று தொடங்கும் வரியை அழுத்தக் கூடாது. அது சிதைவையே நிலைப்படுத்திவிடும்.

இங்கேதான் முதல் விதியின் அருமை தெரியும். விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. அன்றாடம் புழங்கும் தமிழ்க் குறிகளில் அந்த இடங்களில் வந்து விழுபவை நான்கு: ஏ, ஐ, உகரக் குறி, புள்ளி. இவற்றின் மூன்றாம் பைட் திரையில் தெரியாத குறியாக ஒளிந்திருக்கும். காப்பி எடுத்து ஒட்டும்போது அது உதிர்ந்துவிடலாம். உதிர்ந்தால் மற்ற எழுத்தெல்லாம் திரும்பி வந்தாலும் இந்த நான்கும் வராது. புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வரி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'சிங்காரப்பேட்டை' என்ற ஒரே பெயரில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ஆகவே காப்பி எடுத்த எழுத்தைவிட மூல மெயிலே எப்போதும் மேல்.

சிதைந்த மெயிலை ஒருவர் ஃபார்வர்டு செய்திருந்தால் சாய்கோட்டு 'ஏ'யே மறுபடி சிதையும். அப்போது பெரிய ஆங்கில 'ஏ' தலையில் நெளிகோட்டோடு வந்து, அடுத்துத் தொப்பி வைத்த பெரிய 'ஏ'யும் ® குறியும் தெரியும். இது இரட்டைச் சிதைவு. மெயில் மென்பொருளின் பட்டியலால் இதைத் தீர்க்க முடியாது. நோட்பேட் பிளஸ் பிளஸ் வழியை இருமுறை செய்ய வேண்டியிருக்கும், அப்போதும் முழுதாக வராமல் போகலாம். முதலில் அனுப்பியவரிடமிருந்து நேராக ஒரு பிரதி கேட்டு வாங்குவதே நல்லது.

பணமும் அளவும் சிதையும் இடங்கள்

கதை மாறினால் பரவாயில்லை, கணக்கு மாறினால் நட்டம். கீழே சொல்பவற்றைத் தனியாகக் கவனியுங்கள்.

ரூபாய்க் குறி. த. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோட் 6.0 பதிப்பில் அது சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் ₹ பெட்டியாகத்தான் தெரியும். குறியாக்கம் பிசகினால் நிலைமை இன்னும் மோசம். தொப்பி வைத்த 'ஏ', ஒரு தாழ்ந்த மேற்கோள் குறி, ¹ என்ற மேலெழுத்து ஒன்று என மூன்றாக உடையும். அந்த ஒன்று, தொகையை ஒட்டியே நிற்கும். 500 ரூபாய் விலைப்பட்டியலில் '¹500' என்று தெரிவதை அவசரத்தில் 1500 என்று வாசித்துத் தட்டச்சு செய்துவிட வாய்ப்பு உண்டு. தொகைக்கு முன்னால் சிறிய ஒன்று நின்றால் அந்தத் தொகையை நம்பாமல் போனில் கேளுங்கள்.

நீளக் கோடு. வேர்டு மென்பொருள், எண்களுக்கிடையே இருபுறமும் இடைவெளி விட்டுப் போடும் சிறு கோட்டைத் தானாகவே நீளக் கோடாக மாற்றிவிடும். அது சிதைந்தால் தொப்பி 'ஏ', யூரோ குறி €, ஒரு மேற்கோள் குறி என்று வரும். 'டன்னுக்கு 850 முதல் 900 டாலர்' என்ற பொருளில் கோடு போட்டு எழுதிய விலை வரம்பின் நடுவில் யூரோ குறி புகுந்தால், ஏற்றுமதி பேசும் மாங்கூழ் ஆலையில் நாணயமே மாறிப்போனதாகத் தோன்றும். அந்த யூரோவுக்கு எந்தப் பொருளும் இல்லை. அது கோட்டின் சிதைவு.

கூட்டல்-கழித்தல் குறி. "25 மிமீ ±0.02" என்பது ஒரு லேத் பட்டறைக்கு வரும் சாதாரண வரி. தண்டின் விட்டம் 24.98 முதல் 25.02 வரை இருக்கலாம் என்று பொருள். யூடிஎஃப்-8 மெயிலைத் தவறாக வாசித்தால் ± குறிக்கு முன்னால் தொப்பி வைத்த பெரிய 'ஏ' ஒன்று கூடுதலாக நிற்கும், குறி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது வைரக்குறியாகவோ கேள்விக்குறியாகவோ மாறியிருந்தால் ஆபத்து. "25 மிமீ ?0.02" என்பது இருபுறமும் விலகலா, கூட்டல் மட்டுமா, கழித்தல் மட்டுமா என்று வரி சொல்லாது. ஊகித்து மெஷினை ஓட்டினால் கடைந்த தண்டு முழுதும் ரிஜெக்ட் ஆகும். மெயில் வரியை நம்பாமல் வரைபடத்தைப் பாருங்கள்.

விட்டக்குறி. குறுக்குக் கோடு போட்ட வட்டம், நெளிகோட்டு 'ஏ'யாகவும் ஒரு நெளிவாகவும் உடையும். 25 மிமீ என்பது உருண்டையின் விட்டமா, சதுரத்தின் பக்கமா என்பதையே இந்தக் குறி சொல்கிறது என்பதால் இதையும் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும்.

பாகைக் குறி. மாங்கூழின் பிரிக்ஸ் அளவு, குளிர்சாதனக் கிடங்கின் வெப்பநிலை இரண்டிலும் வரும். முன்னால் தொப்பி 'ஏ' மட்டும் ஒட்டியிருந்தால் அளவு பத்திரம். குறியைப் பூஜ்யம் என்று எண்ணிச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 28° பிரிக்ஸ் ஒருபோதும் 280 ஆகாது.

உங்கள் மெயில் சிதையாமல் போக

மற்றவர் அனுப்பியதைச் சரிசெய்வது பாதி வேலை. நாம் அனுப்புவது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பது மீதிப் பாதி.

அவுட்லுக்கில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய்க் கீழே இறங்கினால் 'இன்டர்நேஷனல் ஆப்ஷன்ஸ்' இருக்கும். அனுப்பும் மெயிலுக்குக் குறியாக்கத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, 'யூனிகோட் (யூடிஎஃப்-8)' என்று நிலையாக வையுங்கள்.

நோட்பேடில் தமிழ் எழுதிச் சேமிக்கும்போது கவனம் வேண்டும். விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்பு முதல்தான் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸில் 'ஆன்சி' என்பதே இயல்பு. அப்படியே சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகும், திரும்பாது. 'சேவ் ஆஸ்' சாளரத்தின் கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எக்செல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக அனுப்பும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வந்த சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். வெற்று எக்செலைத் திறந்து, 'டேட்டா' தாவலில் 'ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக அந்தக் கோப்பை எடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் '65001: யூனிகோட்' வைத்தால் சரியாக வரும். சிதைந்து தெரியும் நிலையில் அதன் மேலேயே சேமித்துவிடாதீர்கள்.

பில்லிங் மென்பொருளும் இணையதளப் படிவமும் தானாக அனுப்பும் மெயில்களில் சிதைவு தொடர்ந்து வந்தால், அதை எழுதிக் கொடுத்தவரிடம் மூன்றைக் கேளுங்கள்: தரவுத்தளம் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது, தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பு எதில் இருக்கிறது, மெயிலின் 'சார்செட்' வரி என்ன சொல்கிறது? மைசீக்வல் தரவுத்தளம் 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்பு லத்தீன்-1 அட்டவணையையே இயல்பாக வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அமைத்த மென்பொருள்கள் பல இன்றும் ஓடுகின்றன. மூன்றிலும் யூடிஎஃப்-8 என்று ஒரே பதில் வர வேண்டும்.

நிறுவனத்தின் சர்வர் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒட்டும் 'இது ரகசியமானது' என்ற எச்சரிக்கை வாசகமும் சில நேரம் காரணமாகும். மெயில் ஒரு குறியாக்கத்தில், ஒட்டிய வாசகம் வேறொன்றில் என்றால் இரண்டில் ஒன்று சிதையும். வீட்டிலிருந்து அனுப்பினால் சரியாகப் போகிறது, ஆபீஸிலிருந்து அனுப்பினால் சிதைகிறது என்றால் ஐடி பிரிவிடம் இதைச் சொல்லுங்கள்.

பழைய எழுத்துருக் கோப்புகள்

வானவில், பாமினி போன்றவற்றில் தட்டச்சு செய்த மனுவும் அழைப்பிதழும் நம் ஊர் டிடிபி கடைகளில் இன்றும் உண்டு. அதைக் காப்பி எடுத்து மெயிலில் ஒட்டினால் எழுத்துரு உடன் வராது, வெறும் ஆங்கில எழுத்துதான் போய்ச் சேரும். அவசரமென்றால் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டர் இதற்காகவே உருவானது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோட் எழுத்துருக்களையும் மாற்றியையும் இலவசமாகத் தருகிறது. மாற்றிய பின் ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். எண், நிறுத்தக்குறி, ஆங்கிலப் பெயர் மூன்றும் மாற்றத்தில் பிசகுவது வழக்கம்.

மறுபடி கேட்கும்போது

"ஒன்றும் தெரியவில்லை, திரும்ப அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால் அவர் அதே மெயிலை அதே முறையில் அனுப்புவார், அதே சிதைவு வரும். என்ன தெரிகிறது, எந்த வரி வேண்டும் என்று சொல்லுங்கள். கீழே உள்ளது ஒரு மாதிரி:

"வணக்கம் சார். நேற்று நீங்கள் அனுப்பிய ஆர்டர் மெயிலில் மூன்றாவது வரியில் அளவுக்கு அடுத்த குறி கேள்விக்குறியாகத் தெரிகிறது. விட்டம் எவ்வளவு, விலகல் இருபுறமுமா என்று எழுத்தால் எழுதி அனுப்புங்கள். வரைபடத்தைப் பிடிஎஃப் ஆகவும் இணைத்துவிடுங்கள். உங்கள் மெயில் மென்பொருளில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று வைத்தால் இனி இந்தச் சிக்கல் வராது. உங்கள் பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்குகிறோம்."

திரையைப் படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. சிதைந்த எழுத்தைக் காப்பி எடுத்து ஒட்டாமல் படமாக அனுப்புங்கள். அவர் பக்கம் அது வேறு மாதிரித் தெரியாது.

அனுப்பும் முன்பு

ஒரு புது வாடிக்கையாளருக்கு முதல் மெயில் போகும் முன்பு, உங்கள் பெயரும் ஊரும் தமிழில், ஒரு வரி கன்னடத்தில், பிறகு ₹, ±, °, விட்டக்குறி என்று ஒரு சோதனை மெயில் எழுதி வேறு நிறுவனக் கணக்கு வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பிப் பாருங்கள். எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தால் உங்கள் பக்கம் ஒழுங்கு.

அப்படியும், வழியில் எந்த சர்வர் என்ன செய்யும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே பணமும் அளவும் வரும் வரிகளைக் குறியை மட்டும் நம்பி விடாதீர்கள். '₹' போட்டால் பக்கத்தில் 'ரூபாய்' என்றும் எழுதுங்கள், தொகையை எழுத்தாலும் எழுதுங்கள். '±' போட்டால் குறைந்த அளவையும் கூடிய அளவையும் எண்ணாகவே கொடுங்கள். நீளக் கோட்டுக்குப் பதில் 'முதல்', 'வரை' என்று எழுதுங்கள். குறி சிதைந்தாலும் சொல் நிற்கும். இன்றைக்கே உங்கள் மெயில் மென்பொருளைத் திறந்து, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.